ஜொராஸ்ட்ரிய மதமும் பார்சிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்சிகள் நெருப்பைக் கும்பிடுகிறவர்களா?

பார்சிகள் என்போர் ஈரானிலிருந்து இந்தியா வந்து தங்கிய ஜொராஸ்ட்ரியர்கள். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பார்சிகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன கேள்வியும் இதுதான். அவர்கள் வணங்குவது அஹூரா மஸ்தா என்ற ஒரே கடவுளை. பேரறிவுடைய தலைவன் என்று பெயருக்குப் பொருள். அவருக்குச் சிலை இல்லை. தொழும்போது முகம் ஒளியைப் பார்த்திருக்க வேண்டும். பகலில் சூரியன், இருட்டியபின் விளக்கோ நிலவோ, கோயிலில் நெருப்பு. மெக்காவின் திசை பார்த்துத் தொழுகிறவரை அங்குள்ள கட்டடத்தை வணங்குகிறவர் என்று யாரும் சொல்வதில்லை. இங்கும் அதே நியாயந்தான்.

அதற்காக நெருப்பு வெறும் திசை அடையாளம் என்று முடித்துவிடவும் முடியாது. கோயில் நெருப்பை முடிசூடிய அரசனாக நடத்துகிறார்கள். 'பாத்ஷா சாகேப்' என்றே சொல்வார்கள். அதன் அருகே போகும் குரு மூக்கையும் வாயையும் மூடி 'பதான்' என்ற வெள்ளைத் துணியைக் கட்டிக்கொள்வார், மூச்சும் எச்சிலும் நெருப்பில் பட்டுவிடக் கூடாது என்று. ஆசாரமான வீடுகளில் விளக்கை வாயால் ஊதி அணைக்க விடமாட்டார்கள். பிறந்தநாள் மெழுகுவத்திக்கும் அதே சட்டம்.

நெருப்புக்கு ஏன் இத்தனை மரியாதை?

படைப்பு ஏழு என்பது இவர்கள் கணக்கு: வானம், நீர், நிலம், செடிகொடி, கால்நடை, மனிதன், நெருப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வீகக் காவல் உண்டு. நெருப்பின் காவல் அஷ வஹிஷ்டா. 'அஷ' என்றால் உண்மை, ஒழுங்கு, எது எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருத்தல். வேதத்தில் வரும் 'ருத'மும் இந்தச் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

படைப்பு நல்லது, அதை அழுக்காக்குவது அங்ர மைன்யு என்ற தீய ஆவியின் வேலை, அதைச் சுத்தமாக வைத்திருப்பது மனிதனின் வேலை. இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் இவர்களுடைய பெரும்பாலான வழக்கங்கள் தாமே விளங்கும். ஓடும் ஆற்றில் துப்பக் கூடாது என்பதும், பிணத்தை நெருப்புக்கும் மண்ணுக்கும் கொடுக்கக் கூடாது என்பதும், உலகை வெறுத்துத் துறவு போவதை மதம் ஊக்குவிக்காததும் இங்கிருந்து வந்தவைதாம். உண்ணாநோன்புக்கும் இங்கே சிறப்பு இல்லை. உடலை வாட்டினால் நல்ல வேலை செய்யத் தெம்பு ஏது?

ஜரதுஷ்டிரர் எப்போது வாழ்ந்தார்?

ஜொராஸ்ட்ரிய மதத்தைத் தொடங்கியவர் இவர். இவர் காலம் பற்றி இரண்டு விடைகள் புழக்கத்தில் உள்ளன, நடுவே பல நூறு ஆண்டு இடைவெளி. அலெக்சாண்டருக்கு 258 ஆண்டுகள் முன்பு என்பது ஈரானிய மரபுக் கணக்கு; அதன்படி கி.மு. 6ஆம் நூற்றாண்டை ஒட்டி வரும். மொழியை வைத்துப் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் கி.மு. 1500க்கும் 1000க்கும் இடையே வைப்பார்கள். எங்களுக்கு இரண்டாவதே வலுவாகப் படுகிறது. அவருடையவை எனப்படும் 'காதா' பாடல்களின் மொழி ரிக் வேத மொழிக்கு அவ்வளவு நெருக்கம். பாடல்களில் மாடும் மேய்ச்சலும் வருகின்றன. பாரசீகர், மீடியர் என்ற பெயர்களோ பெருநகரங்களோ வருவதில்லை.

குழப்பத்துக்கு ஒரு பெயர் ஒற்றுமையும் காரணம். ஜரதுஷ்டிரரை ஆதரித்த அரசன் விஷ்டாஸ்பன். பேரரசன் முதலாம் டாரியஸின் தந்தை பெயரும் அதுவே. இருவரையும் ஒருவராக எண்ணியவர்கள் ஜரதுஷ்டிரரை கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இடம் எது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. இவர்களின் வேதமான அவெஸ்தாவில் வரும் ஊர்ப்பெயர்கள் இன்றைய கிழக்கு ஈரான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியப் பக்கத்தையே காட்டுகின்றன.

ரிக் வேதத்தோடு உறவு என்கிறார்களே, எவ்வளவு தூரம் உண்மை?

மொழி உறவில் சந்தேகமே இல்லை. சமஸ்கிருத 'ஸ' பல இடங்களில் அவெஸ்தாவில் 'ஹ' ஆகிறது: ஸப்த – ஹப்த, ஸோம – ஹவோம, அஸுர – அஹூர. யக்ஞம் அங்கே யஸ்ன, மித்ரன் மித்ர, ஹோதா ஜவோதர். சடங்கிலும் ஒட்டு தெரியும். யஸ்ன வழிபாட்டில் ஹவோமச் சுள்ளியை மாதுளைக் குச்சியோடு உரலில் இடித்துச் சாறு எடுக்கிறார்கள். இன்று அதற்குப் பயன்படுவது ஈரானிலிருந்து வரும் எபெட்ரா என்ற செடி.

தேவர்களைக் கும்பிட்ட கூட்டமும் அசுரர்களைக் கும்பிட்ட கூட்டமும் சண்டை போட்டுப் பிரிந்தன என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் சான்று போதாது. ரிக் வேதத்தின் பழைய பகுதிகளில் வருணனையே 'அசுரன்' என்று மரியாதையாகத்தான் அழைக்கிறார்கள். அந்தச் சொல் கெட்ட பொருளுக்குப் போனது இந்தியாவுக்குள் பிற்பாடு நடந்த மாற்றம். ஈரானில் 'தேவ' கெட்டுப்போனது தனிக்கதை.

இவர்களின் வேதம் 'ஜெண்ட் அவெஸ்தா'தானே?

பழைய பாடப்புத்தகங்கள் பரப்பிய பிழை இது. நூலின் பெயர் அவெஸ்தா மட்டுமே. 'ஜந்த்' என்பது பிற்காலத்தில் பாஃலவி என்ற இடைக்காலப் பாரசீக மொழியில் எழுதப்பட்ட உரை. குறளைப் 'பரிமேலழகர் குறள்' என்று சொன்னால் எப்படியோ, அப்படி. 1771இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஆங்கெத்தில் துபெரோன், சூரத்தில் பார்சி குருமாரிடம் பாடம் கேட்டவர். அவர் வைத்த தலைப்பிலிருந்து இந்தப் பெயர் ஐரோப்பாவெங்கும் பரவியது.

ஈரானைச் சாசானியர் ஆண்ட காலத்தில் (கி.பி. 224–651) அவெஸ்தா 21 பகுதிகளாக இருந்தது. நம் கைக்கு வந்தது ஏறத்தாழக் காற்பங்கு. வழிபாட்டில் ஓதப்பட்டவை தப்பின, ஓதப்படாதவை போயின. அதுவரை குருமார் வாய்ப்பாடமாகவே காத்துவந்தார்கள்; எழுத்தில் இறக்குவதற்காக ஒவ்வோர் ஒலிக்கும் தனி எழுத்து வைத்துச் சாசானியர் காலத்திலேயே ஒரு நெடுங்கணக்கு அமைத்தார்கள்.

வழிபாட்டின் நடுநாயகம் 72 அத்தியாயங்கள் கொண்ட யஸ்ன. காதாக்கள் அதற்குள் இருக்கின்றன: 28 முதல் 34 வரை, 43 முதல் 50 வரை, பிறகு 51, 53. ஆக 17 பாடல்கள். ஜரதுஷ்டிரரின் வாய்ச்சொல் என்று பெரும்பாலோர் ஏற்பது இவ்வளவே. பேய், தீட்டு, பிணம் பற்றிய விரிவான விதிகள் வெந்திதாத் என்ற பகுதியில் உள்ளன. காதாக்களுக்கு வெகுகாலம் பிந்தியது அது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'ஜரதுஷ்டிரர் சொன்னார்' என்று மேற்கோள் காட்டினால் தவறாகப் போய்விடும்.

கடவுள் ஒன்றா, இரண்டா?

காதாக்களில் அஹூரா மஸ்தாவே முதல்வர். நல்ல ஆவி, தீய ஆவி என்ற இரண்டும் ஆதியில் தத்தம் வழியைத் தேர்ந்துகொண்டன என்று 30ஆம் அத்தியாயம் பாடுகிறது. பிற்காலப் பாஃலவி நூல்களில் ஓஹ்ர்மஸ்த் (அஹூரா மஸ்தா) ஒரு பக்கம், அஹ்ரிமன் (அங்ர மைன்யு) ஒரு பக்கம் என்று இருவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். ஆகவே விடை நீங்கள் எந்தக் காலத்து நூலைத் திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எந்தக் காலத்திலும் தீமைக்குப் பூசை இல்லை, முடிவில் தோற்பதும் தீமையே.

செத்தபின் என்ன ஆகும் என்று நம்புகிறார்கள்?

உயிர் மூன்று இரவுகள் உடலருகே தங்கும். நாலாம் நாள் விடியலில் சின்வத் பாலத்துக்குப் போகும். நல்லெண்ணம், நற்சொல், நற்செயல் (ஹுமத, ஹூக்த, ஹுவர்ஷ்த) மிகுந்தவனுக்குப் பாலம் அகலமாகும், மற்றவனுக்குக் கத்தி விளிம்பாகும். வழியில் அவனுடைய மனச்சான்றே ஒரு பெண்ணுருவில் எதிரே வரும். வாழ்ந்த வாழ்வுக்கேற்ப அழகியாகவோ அருவருப்பாகவோ.

நரகம் உண்டு, ஆனால் நிரந்தரமில்லை. கடைசியில் இறந்தோர் எல்லோரும் எழுவர், உருகிய உலோக ஆறு உலகைக் கழுவும். நல்லவர்களுக்கு அது கறந்த பால் போல் இதமாக இருக்குமாம். பிறகு படைப்பு பழையபடி மாசற்றதாகும். மறுபிறவி இந்த மதத்தின் கொள்கை இல்லை. இந்தியாவில் சில பார்சிகள் அதை நம்புவது பக்கத்து வீட்டுச் செல்வாக்கு.

யூதம், கிறித்துவம், இஸ்லாம் எல்லாம் இங்கிருந்து கடன் வாங்கியவையா?

இணையத்தில் சொல்கிற அளவுக்குத் துணிந்து சொல்ல முடியாது. கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்த பாரசீக அரசன் கோரேசு (சைரஸ்) யூதர்களை ஊர் திரும்பவிட்டான். பிறகு ஏறத்தாழ 200 ஆண்டுகள் அவர்கள் பாரசீக ஆட்சியில் இருந்தார்கள். உயிர்த்தெழுதல், இறுதித் தீர்ப்பு போன்றவை அதற்குப் பிந்திய யூத நூல்களில் அழுத்தம் பெறுவது உண்மை. தோபித்து நூலில் வரும் அஸ்மோதேயு என்ற பேயின் பெயரை அவெஸ்தாவின் 'அயேஷ்ம' என்ற சினப்பேயோடு இணைக்கிறார்கள். மதில் சூழ்ந்த தோட்டத்தைக் குறித்த 'பைரிதயேஸ' என்ற ஈரானியச் சொல், கிரேக்கம் வழியாகப் பல ஐரோப்பிய மொழிகளில் சொர்க்கத்துக்குப் பெயராயிற்று. ஆனால் நம் கையிலுள்ள விரிவான பாஃலவி நூல்கள் கி.பி. 9ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. எது எவரிடமிருந்து போனது என்று ஒவ்வொன்றாக நிறுவ முடியாமல் போவது இதனால்தான்.

பாலில் சர்க்கரை கலந்த கதை உண்மையா?

கதை அழகானது: ஈரானிலிருந்து வந்த பார்சிகள் புகலிடம் கேட்டபோது, இடமில்லை என்று காட்ட அரசன் ததும்பும் பால்கிண்ணம் அனுப்பினான், பார்சித் தலைவர் அதில் சர்க்கரை போட்டுத் திருப்பி அனுப்பினார். பார்சிகளின் வருகையைச் சொல்லும் பழைய நூலான 'கிஸ்ஸா-இ சஞ்சான்' 1600ஐ ஒட்டிப் பாரசீகச் செய்யுளாக எழுதப்பட்டது. அதில் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அதில் இருப்பவை குஜராத்தின் சஞ்சானை ஆண்ட ஜாதி ராணா என்ற அரசன் விதித்த நிபந்தனைகள்: மதத்தை விளக்க வேண்டும், ஊர்மொழி பேச வேண்டும், பெண்கள் ஊர் உடை உடுத்த வேண்டும், ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டும், திருமணம் இருட்டியபின் நடக்க வேண்டும். குஜராத்தி பேசும், மாலையில் கல்யாணம் செய்யும் சமூகமாக அவர்கள் ஆனதற்கு மரபு சொல்லும் காரணம் இதுதான். வந்த ஆண்டு 8ஆம் நூற்றாண்டா 10ஆம் நூற்றாண்டா என்பது தீராத வழக்கு.

தெற்கே இன்னொரு தடம் உண்டு. கொல்லத்தில் 849இல் வெட்டப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் கடைசியில் சாட்சிகள் அரபு, பாஃலவி, எபிரேய எழுத்துகளில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பாஃலவியில் ஒப்பமிட்டவர்களில் ஜொராஸ்ட்ரியர்களும் உண்டு. தானம் கிறித்துவத் தேவாலயத்துக்கு, சாட்சி பல மதத்து வணிகர்கள்.

கோயில் நெருப்பை எப்படி உண்டாக்குகிறார்கள்?

நெருப்பில் மூன்று தரம். 'தாத்கா' வீட்டு அடுப்பு நெருப்பு போன்றது, சாதாரண ஆளும் பேணலாம். 'ஆதரான்' நால்வகைத் தொழிலாரின் வீட்டு நெருப்புகளைச் சேர்த்தது. உச்சியில் இருப்பது 'ஆதஷ் பெஹ்ராம்'. அதற்கு 16 இடத்து நெருப்பு வேண்டும்: குயவர் சூளை, செங்கற்சூளை, சாயப்பட்டறை, பொற்கொல்லர் உலை, நாணயச்சாலை, கொல்லுலை, ரொட்டி அடுப்பு, இடையர் அடுப்பு, அரண்மனை என்று போகும் பட்டியலில் பிணம் எரிந்த நெருப்பும் உண்டு, மின்னல் மூட்டிய நெருப்பும் உண்டு. கடைசியாகச் சொன்னது நினைத்த நேரத்தில் கிடைக்காது. எங்காவது மரத்தில் இடி விழுந்து எரிய வேண்டும்.

கொண்டுவந்ததை அப்படியே சேர்ப்பதில்லை. துளைகள் போட்ட உலோகக் கரண்டியில் சந்தனத்தூளும் சிறாயும் வைத்து, நெருப்புக்கு மேலே தொடாமல் பிடிக்கிறார்கள். அனலிலேயே அது பற்றிக்கொள்ள வேண்டும். கரண்டி தாழ்ந்து பழைய நெருப்பைத் தொட்டால் செய்ததற்குப் பயனில்லை. பற்றியதைத் தனியே வளர்த்து, அதன்மேல் மறுபடி கரண்டி. பிண நெருப்புக்கு இதை 91 முறை செய்கிறார்கள். பழைய விறகும் சாம்பலும் அழுக்கோடு பின்னால் தங்கிவிட, அனல் மட்டும் முன்னே போகிறது என்பது இதன் தத்துவம். பதினாறும் இப்படித் தேறி, ஒவ்வொன்றுக்கும் மந்திரம் ஓதி, ஒரே நெருப்பாகச் சேர ஏறத்தாழ ஓர் ஆண்டு பிடிக்கும்.

அதன்பின் அணையவிடக் கூடாது. நாள் ஐந்து 'கா'க்களாகப் பிரியும்: விடியல் முதல் நண்பகல், நண்பகல் முதல் 3 மணி, 3 மணி முதல் சூரியன் மறையும்வரை, அதன்பின் நள்ளிரவு, நள்ளிரவிலிருந்து விடியல். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் குரு சந்தனக்கட்டையும் சாம்பிராணியும் இட்டு மணியடிப்பார். இதற்கு 'போய்' என்று பெயர். எப்போதும் கொழுந்துவிட்டு எரியும் என்று எண்ண வேண்டாம். 'ஆஃபர்கான்' என்ற பெரிய உலோகக் கலத்தில் சாம்பல் மெத்தை மேல் கங்கு கிடக்கும், காப்பதே அந்தச் சாம்பல்தான். கட்டை நன்கு காய்ந்திருக்க வேண்டும். ஈரக்கட்டை போட்டால் புகை மண்டும். சாம்பலில் ஒரு துளி பக்தர்களுக்கு நெற்றியில் இட.

உலகில் ஆதஷ் பெஹ்ராம் ஒன்பதுதான். ஒன்று ஈரானின் யஸ்த் நகரில். எட்டு இந்தியாவில்: மும்பையில் நான்கு, சூரத்தில் இரண்டு, நவ்சாரியிலும் உத்வாடாவிலும் ஒவ்வொன்று. மூத்தது சஞ்சானில் நிறுவப்பட்ட 'ஈரான்ஷா'. போருக்குத் தப்பி பஹ்ரோட் மலைக்குகை, வான்ஸ்டா, நவ்சாரி என்று அலைந்து 1742இல் உத்வாடா வந்து அமர்ந்தது.

சுத்ரே, குஸ்தி என்பவை என்ன?

நம்மூர்க் குஸ்தியை நினைக்காதீர்கள். இது இடுப்பில் கட்டும் கம்பளிக் கயிறு. சுத்ரே அதற்கு உள்ளே அணியும் மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை. ஒன்பது தையல், கழுத்துக்குக் கீழே ஒரு விரலளவுப் பை. அந்தக் குட்டிப் பையில் அன்றாடம் நற்செயல் சேர வேண்டும் என்பார்கள். பெரும்பாலும் 7, 9, 11 ஆகிய வயதுகளில் ஒன்றில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'நவ்ஜோத்' செய்து இரண்டையும் அணிவிக்கிறார்கள். பூணூலுக்கு ஒப்பிடுவார்கள், ஆனால் இது பெண்ணுக்கும் உண்டு, இடுப்பில் கட்டுவது.

குஸ்தி ஆட்டுக்குட்டி மயிரில் 72 இழை. யஸ்னவின் 72 அத்தியாயங்களுக்கு ஒப்பு. குருமார் குடும்பத்துப் பெண்கள் சின்னத் தறியில் குழாய் போல நெய்து, பிறகு உட்புறம் வெளியே வரும்படி புரட்டி எடுப்பார்கள். இரு முனைகளிலும் மும்மூன்று குஞ்சங்கள், ஒவ்வொன்றிலும் 24 இழை.

கட்டுவது ஒரு நாளில் பலமுறை: எழுந்ததும், கழிவறை போய்வந்ததும், சாப்பாட்டுக்கு முன், தொழுகைக்கு முன். முதலில் கை, முகம், கால் கழுவித் துடைக்க வேண்டும். தலையில் தொப்பியோ துணியோ இருக்க வேண்டும். ஒளி பார்த்து நின்று, 'கெம் நா மஸ்தா' ஓதி முடிச்சை அவிழ்த்து, கயிற்றின் நடுவைக் கண்டுபிடித்து இரு கையாலும் பிடிக்க வேண்டும். 'ஹோர்மஸ்த் கோதாய்' சொல்லும்போது தீமையை உதறுவதாகக் கயிற்று நுனியை ஓரிடத்தில் சுண்டுவார்கள். பிறகு இரண்டு சுற்று, முன்னால் ஒரு முடிச்சு, மூன்றாம் சுற்று, பின்னால் ஒரு முடிச்சு. கடைசியில் 'ஜச மே அவங்ஹே'.

புதிதாகக் கட்டும் பிள்ளைகள் தடுமாறுவது இரண்டு இடங்களில். நடுவைச் சரியாகப் பிடிக்காவிட்டால் ஒரு முனை நீண்டு மறுமுனை பின்முடிச்சுக்கு எட்டாது. முடிச்சின் இரு பாதியையும் ஒரே பக்கமாகப் போட்டால் நழுவிவிடும். முதல் பாதி வலது மேலே என்றால் அடுத்தது இடது மேலே வர வேண்டும்.

பார்சி புத்தாண்டு சிலருக்கு மார்ச், சிலருக்கு ஆகஸ்ட். ஏன்?

12 மாதம், மாதத்துக்கு 30 நாள், முடிவில் ஐந்து காதா நாள், ஆக 365. மிகுநாள் கிடையாது. அதனால் நாலு ஆண்டுக்கு ஒரு நாள் புத்தாண்டு முன்னால் நகரும், 120 ஆண்டில் ஒரு மாதம். இதைச் சரிசெய்ய இந்தியப் பார்சிகள் 12ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒரு மாதத்தை ஒரேயொரு தரம் கூட்டினார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். ஈரானியர் அந்த ஒரு தரமும் கூட்டவில்லை. 1720களில் ஈரானிலிருந்து சூரத் வந்த ஜாமாஸ்ப் என்ற குரு, இரு நாட்டு நாட்காட்டிக்கும் நடுவே சரியாக ஒரு மாதம் இடிப்பதைக் கண்டார். வினை அங்கே தொடங்கியது. 1745இல் ஒரு பகுதியினர் ஈரானியக் கணக்குக்கு மாறினர், அவர்கள் 'கத்மி'. பழையதிலேயே நின்றவர்கள் 'ஷெஹன்ஷாஹி'. 1906இல் கர்ஷேத்ஜி காமா பருவத்தோடு ஒட்டி மார்ச் 21இல் நிலைநிறுத்தும் 'ஃபஸ்லி' கணக்கை முன்வைத்தார். இரண்டைத் தீர்க்கப் போய் மூன்றாயிற்று.

2024 முதல் 2027 வரை ஷெஹன்ஷாஹி புத்தாண்டு ஆகஸ்ட் 15, கத்மி அதற்கு 30 நாள் முன் ஜூலை 16. 2028இல் பிப்ரவரி 29 வருவதால் இரண்டும் ஒரு நாள் முன்னே போகும்.

ஆண்டெண் கடைசிச் சாசானிய அரசன் மூன்றாம் யஸ்தகெர்த் பட்டமேறிய 632இலிருந்து ஓடுகிறது. கழித்துப் பார்த்து ஒன்று கூட்டினால் 2024க்கு 1393 வரும். பஞ்சாங்கத்தில் 1394 இருக்கும். பஞ்சாங்கம் பிழையில்லை: நாலாண்டுக்கு ஒரு நாளாகக் கழன்ற நாட்கள் 1,390 ஆண்டில் சேர்ந்து, புத்தாண்டு முழுச்சுற்றை நெருங்கி ஓர் எண்ணை அதிகமாக்கிவிட்டன.

பார்சிகள் உடலைப் பறவைகளுக்கு வைப்பார்கள் என்றால் ரத்தன் டாடாவை ஏன் எரித்தார்கள்?

2024 அக்டோபர் 10 அன்று மும்பை வொர்லி மின்மயானத்தில் தகனம் நடந்தது, பார்சி வேண்டுதல்களும் ஓதப்பட்டன. அன்றிலிருந்து இந்தக் கேள்வி நிற்கவில்லை.

பழைய முறை முதலில். பிணத்தில் நசு என்ற அழுகல் பேய் குடியேறும், அது நெருப்பு, நீர், நிலம் எதையும் தொடக் கூடாது. எனவே 'தக்மா', மேற்கூரை இல்லாத வட்டக் கல்கட்டடம். உள்தளம் நடுவை நோக்கிச் சரியும், மூன்று வளையங்களாகத் தொட்டிகள்: வெளியே ஆண்கள், அடுத்து பெண்கள், உள்ளே குழந்தைகள். நடுவில் எலும்புக் கிணறு. அங்கிருந்து வடிகால்கள் மணலும் கரியும் நிரப்பிய குழிகளுக்குப் போகும். மழைநீர் வடிகட்டப்பட்டே மண்ணில் இறங்கும். அதற்கு முன் 'சக்தீத்': கண்ணுக்கு மேல் புள்ளியுள்ள 'நாலு கண்' நாயைக் கொண்டுவந்து உடலைப் பார்க்கவைப்பார்கள். உள்ளே சுமந்து செல்ல உரிமை நசாசாலார் எனப்படும் சுமப்பவர்களுக்கு மட்டுமே. மும்பை துங்கர்வாடியில் முதல் தக்மா 1670களில் கட்டப்பட்டது. இன்று சுமார் 54 ஏக்கர் சோலை அது.

முறை ஒழுங்காக ஓடியது பாறுகள் எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகளால். கூட்டமாக இறங்கினால் ஓர் உடல் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். 1990களில் பாறுகள் மளமளவென்று செத்தன. மாட்டுக்கு வலிக்காகப் போடும் டைக்ளோஃபெனாக் மருந்து செத்த மாட்டின் உடலில் தங்கி, தின்ற பாறின் சிறுநீரகத்தை அழிக்கிறது என்பது 2003–04இல் உறுதியாயிற்று. நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே கூட்டம் அழியப் போதும். வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 99 விழுக்காட்டுக்கு மேல் அற்றுப்போயிற்று. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டதால் 2015இல் குப்பியை 3 மில்லியாகக் குறைத்தார்கள். (நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கு தென்னிந்தியாவில் இவை இன்னும் கூடு கட்டும் சில இடங்களில் ஒன்று.)

பாறு இல்லாத தக்மாவில் காகமும் பருந்தும் போதவில்லை. வெயிலைக் குவிக்கும் கண்ணாடிகளை நிறுத்தினார்கள். வெயில் நாளில் உடல் காயும், மழைக்காலத்தில் வேலை நின்றுபோகும். இதனால் ஒரு சாரார் மின்மயானத்துக்குத் திரும்பினர், 2015இல் வொர்லியில் அவர்களுக்கென வேண்டுதல் கூடமும் திறந்தது. எரியூட்டியவருக்கு மந்திரம் ஓத மறுக்கும் குருமாரும் உண்டு, ஓதுகிறவர்களும் உண்டு. சென்னை போலத் தக்மா இல்லாத ஊர்களில் அடக்கம்தான். ஈரானில் தக்மாக்களைக் கைவிட்டு, மண்ணில் படாதபடி கான்கிரீட் பூசிய குழியில் புதைக்கிறார்கள்.

வெளியார் இந்த மதத்தில் சேரலாமா?

இந்தியாவில் நடைமுறையில் முடியாது. 1908இல் பம்பாய் உயர்நீதிமன்றம் பெத்தித் எதிர் ஜீஜீபாய் வழக்கில் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது: பார்சி தந்தைக்குப் பிறந்து முறைப்படி நவ்ஜோத் பெற்றவர், தாய் வேற்று மதமானாலும், பார்சி. வேற்று மதத்தவரை மணந்த பார்சிப் பெண்ணின் பிள்ளைகளுக்கு அந்த வாசல் இல்லை. அந்தப் பெண்ணையே கோயிலுக்குள் விடாத ஊர்களும் உண்டு. 2017 டிசம்பரில் உச்சநீதிமன்றத்தில், பெற்றோரின் இறுதிச் சடங்குக்கு அப்படிப்பட்ட ஒரு பெண்ணை அனுமதிப்பதாக வல்சாடு பார்சி அமைப்பு ஒப்புக்கொண்டது.

இந்தத் தடைக்குச் சாத்திர ஆதாரம் தேடினால் காதாக்களில் கிடைக்காது. அங்கே ஜரதுஷ்டிரர் கேட்கிறவர் எல்லோரையும் கூப்பிட்டுத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறார். ஆயிரம் ஆண்டு சிறுபான்மை வாழ்க்கை கட்டிய வேலி இது. வேலியின் விலை எண்ணிக்கையில் தெரிகிறது: 2001 கணக்கெடுப்பில் 69,601 பேர், 2011இல் 57,264 பேர். பிள்ளைப்பேறு குறைவும் வெளிநாடு போவதும் மற்ற காரணங்கள்.

தீக்கோயிலை உள்ளே போய்ப் பார்க்க வழியுண்டா?

பார்சி அல்லாதவருக்கு இந்தியாவில் பெரும்பாலும் இல்லை. உத்வாடாவிலும் வாசலோடு சரி. யஸ்தில் பார்வையாளர்கள் கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்று நெருப்பைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் உள்ள ஒரே கோயில் சென்னை ராயபுரத்தில் 1910இல் கட்டப்பட்ட ஜால் ஃபிரோஜ் கிளப்வாலா தர்-எ-மெஹர். தெருவிலிருந்து முகப்பைப் பார்த்துக்கொள்ளலாம். பார்சி நண்பர் அழைத்துப்போனாலும் நெருப்பறை வரை போக முடியாது. அவராலும் மாற்ற முடியாத விதி அது, கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். நவ்ஜோத்துக்கோ கல்யாணத்துக்கோ அழைப்பு வந்தால் தாராளமாகப் போகலாம், இரண்டும் பெரும்பாலும் மண்டபத்திலோ திறந்த வெளியிலோதான் நடக்கும். வாசலில் துளையிட்ட தகர அச்சால் போட்ட வெள்ளை மீன் கோலத்தை மிதிக்காமல் நுழையுங்கள்.